எழுந்து நின்று சொன்ன சொல்

துரத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? தையற்கடைக்காரி சொன்னாளா? ஊசியில் நூல் கோக்கவே அவள் நாலு முறை எச்சில் தொட வேண்டும், வெளிநாட்டு விவகாரம் மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடுமா? என் மருமகளை யாரும் துரத்தவில்லை. அவளாகத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நான் அதே அறையில், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மளிகைக் கடை வாசலில் அந்தத் தையற்கடைக்காரி என்னை மறித்துக்கொண்டாள்.

“என்னக்கா, உங்க மருமக அந்த நாட்டுக்காரன் கால்ல விழுந்துட்டாளாமே?”

“விழல. எழுந்தா.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லடி. விஷயமே அதுலதான் இருக்கு. உட்காரு, சொல்றேன்.”

உட்காரவில்லை. வீட்டில் பால் பொங்குகிறதாம். அவள் கேட்காவிட்டால் போகிறாள், நீங்கள் கேளுங்கள்.

என் மருமகள் ஒரு பேருந்து நடத்துநரின் மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘மெல்லினம்’ என்று பெயர். இரண்டு பேர் சண்டை போட்டால் இவள் நடுவில் போவாள். அந்தப் பக்கம் சொன்ன கடுமையான சொல்லைத் தேய்த்து மழுக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுப்பாள். அதனால் தமிழ் வாத்தியார் வைத்த பெயர். என் மகன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் ஆகாது என்றுதான் இருந்தேன். அவளே நேரில் வந்தாள்.

“அத்தை, நீங்க இப்ப சம்மதம் சொல்ல வேண்டாம். மாட்டேன்னு மட்டும் சொல்லாம இருங்க. மிச்சத்தை மெதுவா பேசிக்கலாம்.”

நானும் மாட்டேன் என்று சொல்லாமல் இருந்தேன். சொல்லாமலே கல்யாணம் முடிந்துவிட்டது. அப்போதே எனக்குத் தெரியும், இவள் நாடுகளுக்கு நடுவே போக வேண்டியவள் என்று.

பரீட்சை எழுதி வெளியுறவுத் துறைக்குப் போனாள். ஆரம்பத்தில் விசா ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊர் உலகத்தின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு நாடாக மாற்றினார்கள். என் மகன் வங்கி வேலையை விட்டுவிட்டு, அவள் போன ஊரிலெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். ‘பெண்டாட்டிக்குப் பெட்டி தூக்குகிறான்’ என்று இதே தெரு பேசியது. ஆமாம், தூக்கினான். பெட்டி கனமாக இருந்தது, அவன் தோள் அகலமாக இருந்தது. இதில் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

என் வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். தூதரகத்துக்கு எதிர்த் தெருவில் மூன்றாவது மாடி வீடு. குளிருக்குச் சுவரோரம் ஓடும் இரும்புக் குழாய் பொழுதெல்லாம் டங் டங் என்று முட்டிக்கொண்டிருக்கும். மருமகள் அங்கே தூதருக்கு அடுத்த இடத்தில் இருந்தாள். அலுவலகத்துப் பேச்சு எதையும் வாசலுக்கு உள்ளே கொண்டுவர மாட்டாள், ஆனால் அலுவலகத்து நாக்கு மட்டும் கூடவே வந்துவிடும். “உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டால், “உப்பு இன்னைக்குக் கொஞ்சம் ஆர்வமா இருக்கு அத்தை” என்பாள். அள்ளிக் கொட்டிவிட்டேன் என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்தக் கப்பல் விஷயம் வந்தது. நம் நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று மூடுபனியில் அவர்கள் கடலில் ஒரு மீன்பிடிப் படகை இடித்துவிட்டது. படகில் இருந்த பையன் இறந்துபோனான். மாலுமிகள் எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். தூதர் போய்ப் பேசினார், வெறுங்கையோடு திரும்பினார். மறுபடியும் போனார், மறுபடியும் அதே கதை. மாலுமிகளின் குடும்பத்தார் எங்கள் வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கப்பலில் சமைக்கிறவனின் மனைவி, “உங்க மருமககிட்ட சொல்லுங்கம்மா, அவருக்கு நெஞ்சு வலி, மாத்திரை இல்லாம உள்ள இருக்காரு” என்று அழுவாள். நான் தொலைபேசியை மருமகளிடம் கொடுப்பேன். “முயற்சி பண்றோம்” என்று அவள் மெதுவாகச் சொல்லிவிட்டு வைப்பாள். வைத்த பிறகு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வாள்.

கடைசியில் அவளையே அனுப்பினார்கள். தலைநகரத்திலிருந்து உத்தரவு: வருத்தம் தெரிவிக்கலாம், மன்னிப்பு கேட்கக் கூடாது. மன்னிப்பு கேட்டால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடுமாம்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்டுக்காரர், நம் ஊரில் படித்து நம் மொழி கற்றுக்கொண்டவர். கடைத்தெருவில் பேரம் பேசுவதற்கு எனக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எதையும் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் என் மருமகளிடம் தணிந்த குரலில், “மேடம், எந்தச் சூட்டுல சொல்லட்டும்?” என்று கேட்பார். அவள் “வெதுவெதுப்பா” என்றோ “ஆற வெச்சு” என்றோ சொல்வாள். அதுதான் அவர்கள் தொழில் செய்த விதம். அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்:

“எங்க பாஷையில வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் ஒரே வார்த்தைதான் அம்மா. உட்கார்ந்துக்கிட்டு சொன்னா வருத்தம். எழுந்து நின்னு சொன்னா மன்னிப்பு.”

“நம்ம வீட்லயும் அப்படித்தானேப்பா? தப்பு பண்ணின பிள்ளையை எழுந்து நின்னு கேளுன்னுதானே சொல்றோம்?” என்றேன். மருமகள் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சுவார்த்தைக்கு நம் பக்கத்தில் அவளும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும் போனார்கள். அங்கே நடந்ததை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். எதிரே அந்த நாட்டு அதிகாரி. சுவரோரம், இறந்த பையனின் அப்பா. இவள் உட்கார்ந்தபடியே உத்தரவுப்படி வருத்தம் தெரிவித்தாள். அதிகாரி கோப்பை மூடினார். “இதைத்தான் உங்க தூதரும் சொன்னார். வழக்கு நடக்கட்டும்” என்றார். வழக்கு என்றால் வருஷக்கணக்கு. கப்பல் பனியில் ஒலி எழுப்பாமல் வேகமாகப் போனது என்று கேப்டனே அவளிடம் ஒத்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். அதிகாரியைப் பார்க்காமல் அந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

மொழிபெயர்ப்பாளரும் பதறி எழுந்து, “மேடம், எந்தச் சூட்டுல?” என்றார்.

“நான் நிக்கிறேன் பாருங்க. அந்தச் சூட்டுல.”

சில நாட்களில் மாலுமிகளை விட்டுவிட்டார்கள். விமானம் கிடைக்கும்வரை தூதரகத்திலேயே தங்கினார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகள் என்ன செய்தன? ‘நாடு தலைகுனிந்தது’ என்று எழுதின. அமைச்சருக்கு வேர்த்தது. அந்த வேர்வையைத் துடைக்க ஒரு துணி தேவைப்பட்டது.

தூதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். “அம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா?” என்று என்னைச் சமையலறைக்கு அனுப்பப் பார்த்தார். தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் என் முன்னாலேயே மருமகளிடம் பேசினார்.

“நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ஒரே ஒரு வாக்கியம் சொன்னா போதும். பேச்சு முடிஞ்சுதுன்னு நீங்க கிளம்ப எழுந்தீங்க. மொழிபெயர்ப்பாளர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அவரா அந்த வார்த்தையைச் சொல்லிட்டாரு. அவ்வளவுதான்.”

“அவருக்கு என்ன ஆகும்?”

“அவர் இந்த நாட்டுக்காரர்.”

“அதனாலதான் கேக்குறேன் சார். அரசாங்கப் பேச்சுல பொய் சொன்னா இங்க ஜெயில்.”

“அதை அவங்க பாத்துப்பாங்க. அடுத்து உங்களுக்குத் தூதர் பதவி தயாரா இருக்கு. யோசிங்க.”

“யோசிக்கிறேன்” என்றாள்.

அவள் வாயில் ‘யோசிக்கிறேன்’ எந்தப் பக்கமும் சாயும். தூதர் போனதும் என் மகனே சொன்னான்: “இத்தனை வருஷ உழைப்பு. ஒரு வாக்கியத்துக்காக விட்டுடுவியா?”

“நீ சும்மா இருடா” என்று அவனை அதட்டிவிட்டு, “என்னம்மா சொல்லப் போற?” என்று அவளைக் கேட்டேன்.

“எனக்கே தெரியல அத்தை.”

மறுநாள் தூதரகக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாலுமிகள் ஒரு பக்கம், எங்களைப் போலக் குடும்பத்தார் பின்னால். மொழிபெயர்ப்பாளர் தேய்த்த கோட்டோடு சுவரோரம் நின்றார். அவர் காதுக்கும் செய்தி எட்டியிருந்தது, முகத்தில் தெரிந்தது. கெஞ்சவில்லை. வழக்கம்போல, “இன்னைக்கு எந்தச் சூட்டுல மேடம்?” என்று மட்டும் கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தூதருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதல் கேள்வியே அதுதான். யார் மன்னிப்பு கேட்டது?

அவள் ஒலிவாங்கியை அருகில் இழுத்தாள். “பேச்சுவார்த்தை முடியற நேரத்துல நான் எழுந்தேன்” என்று ஆரம்பித்தாள்.

தூதர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தின் தலை அது. அவர் தலையை ஆட்டினார். சுவரோரம் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எழுந்து போய் அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது.

அவள் நிறுத்தினாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. எழுந்து நின்றாள்.

“கிளம்பறதுக்காக எழுந்திருக்கல. மன்னிப்பு கேக்கறதுக்காக எழுந்தேன். தப்பு நம்ம கப்பலோடது. கேக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல, நானாத்தான் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதை மட்டும்தான் சொன்னார்.”

அந்த நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

தூதர், “உட்காருங்க” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இனிமே எதுக்கு சார்?”

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். சமையல்காரன் எழுந்து நின்றான், மற்ற மாலுமிகளும் எழுந்தார்கள். என் வரிசைக்கு வந்ததும், “அத்தை, வர்றீங்களா?” என்றாள்.

“இரும்மா, செருப்பு மாட்டிக்கிறேன்.”

அவள் நிற்கவில்லை. எப்போதும் ஓடிவந்து கதவைத் திறக்கும் காவலாளி அன்று திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தான். அவளே இரண்டு கையாலும் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். நான் ஒரு காலில் செருப்போடு பின்னாலேயே ஓடினேன்.