தெரசா டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்

தெரசாவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதை யாரும் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தர்மபுரிப் பக்கம் கல் உடைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அவள் அப்பன் கிரஷரில் வேலை செய்து, தூசி நெஞ்சில் இறங்கிப் படுத்தவன். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷில் பட்டம் வாங்கினாள். பி.எட்.டும் முடித்தாள். வேலைதான் வரவில்லை. மூன்று வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள்; கடை திறந்ததிலிருந்து மூடும் வரை உட்காரக் கூடாது. இருபத்தேழு வயதிலேயே கணுக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது.

போன ஜூனில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்குத் தற்காலிக டீச்சராக வந்தாள். தினமும் மாரண்டஹள்ளியிலிருந்து காலை பஸ். ஏப்ரல் வரை முழுசாக இருந்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து ஓசூரில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிடலாம். நடுவில் அனுப்பிவிட்டால் மறுபடியும் ஜவுளிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

வந்த நாளிலிருந்தே ஊருக்கு அவள் மேல் எரிச்சல். பிள்ளை நோட்டு நிறைய எழுதி வந்தால்தான் எங்களுக்குப் படிப்பு. இவள் எழுதவே விடமாட்டாள். "மொதல்ல வாயில வரட்டுங்க, கையில தானா வரும்" என்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐ ஆம் ஈட்டிங், யூ ஆர் ஈட்டிங் என்று சோறு அள்ளுகிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டே தெருவில் போகும்.

"பட்டினி கெடந்ததுங்க மாதிரி ஜாடை காட்டுதுங்க பாரு" என்று பக்கத்து வீட்டுப் பானுமதி வாசலில் நின்று சிரிப்பாள்.

ஆகஸ்டில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். ஆளுக்குப் பத்துப் பேரிடம் இங்கிலீஷில் கேட்டுவர வேண்டும்: "வேர் ஆர் யூ கோயிங்?" எங்கே போகிறீர்கள் என்று.

வெளியே புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கலாமா? கேட்டே ஆக வேண்டுமென்றால் தூரமா என்று கேட்பார்கள். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பாடம் கொடுத்த மறுநாள் காலை எங்கள் ஊர்ப் பச்சியப்பன் தன் மகன் சிவக்குமாருக்குப் பெண் பேசி முடிக்கப் பாலக்கோட்டுப் பக்கம் கிளம்பினான். புது வேட்டி, கையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பை. பஸ் ஸ்டாப்பில் அவன் முன்னால் போய் நின்றவள் என் பேத்தி தேவிப்பிரியா.

"மாமா, வேர் ஆர் யூ கோயிங்?"

"என்னா புள்ள சொல்ற?"

"எங்க போறீங்கன்னு கேக்கறேன் மாமா. நீங்க ஐ ஆம் கோயிங்னு ஆரம்பிக்கணும்."

பச்சியப்பன் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினான். தோஷம் கழிய அப்படித்தான் செய்ய வேண்டும். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால் நல்ல நேரம் தாண்டி ராகு காலம். முதல் நாளே நேரத்துக்கு வராதவரோடு சம்பந்தம் வேண்டாம் என்று பெண் வீட்டார் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பள்ளி கேட்டில் ஊரே கூடிவிட்டது.

"உன் இங்கிலீசு என் பையன் கண்ணாலத்தக் கெடுத்துடுச்சே!" என்று பச்சியப்பன் கத்தினான்.

"பஸ்ஸ வுட்டது நீங்க. தண்ணி குடிக்கப் போனதும் நீங்க. அந்தப் புள்ள என்னாங்க பண்ணுச்சு?" என்றாள் தெரசா.

சொன்னது சரிதான். ஆனால் வயதில் பெரியவரிடம் சொல்கிற விதமா அது? நான் தணிவாகவே கேட்டேன்.

"ஏம்மா, இங்கிலீசுல வேற கேள்வியே இல்லியா? சாப்ட்டீங்களான்னு கேக்கச் சொல்லேன்."

"அது அப்பறம் வர்ற பாடங்க. மூடநம்பிக்கைக்காகப் பாடத்த நான் மாத்த மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். ஊரும் நிறுத்தியது. டீக்கடையில் அவளுக்கு டீ இல்லை. பஸ்ஸில் யாரும் நகர்ந்து இடம் தரமாட்டார்கள். ஆறு பிள்ளைகளை வேனில் ஏற்றி வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. மகனும் மருமகளும் ஓசூர் கம்பெனியில் இருப்பதால் பேத்திக்காக நான் அதில் உறுப்பினர். தெரசாவை நீக்கத் தீர்மானம். தலைமை ஆசிரியர் சந்திரமோகன் பேனாவைத் திறந்துகொண்டு, "காரணம் என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

"கண்ணாலம் நின்னுபோச்சுன்னு எழுதுங்க" என்றான் பச்சியப்பன்.

"அத எழுதி அனுப்பினா மொதல்ல என்னைத்தான் தூக்குவாங்க."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு பானுமதி, "புள்ளைங்கள அடிக்கறாங்கன்னு எழுதிக்கங்க சார்" என்றாள். அவர் எழுதினார். வரிசையாகக் கையெழுத்து விழுந்தது. தீர்மானம் செல்ல இன்னும் ஒன்று வேண்டும். நோட்டும் மைப்பெட்டியும் என்னிடம் வந்தன.

"படிங்க சார்" என்றேன்.

படித்தார். மாணவர்களை அடிக்கிறார் என்று இருந்தது.

"அடிச்சாளா?"

"அடிச்சாளா இல்லியாங்கறது இப்ப எதுக்குங்க ஆத்தா? அவ போவணும்" என்றான் பச்சியப்பன்.

"போவட்டுமே. உள்ளத எழுது, வெக்கறேன். எனக்குப் படிக்கத் தெரியாதுதான். அதுக்காக என் கைநாட்டுக்கு மேல என்னா வேணா எழுதிக்கலாம்னு நெனச்சியா?"

மைப்பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினேன். தீர்மானம் அங்கேயே நின்றது.

வெளியே வந்தால் தெரசா மரத்தடியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உனக்காகப் பண்ணல. அந்தக் கேள்வி தப்புதான்" என்றேன்.

"நான் உங்களப் பண்ணச் சொல்லலைங்க. கேள்வியும் தப்பு இல்ல" என்றாள்.

தை மாதத்தில் சிவக்குமாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் தலைமை ஆசிரியர் சான்றிதழைக் கொடுத்தார். அதை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெரசா பஸ் ஏறினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.