பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீர்

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். விடியும் நேரத்தில் முதலில் வெறும் காற்று சீறும். பிறகு குழாய் இருமும். அதற்குப் பிறகு கால்மணி நேரம் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவி ஊற்றுகிற நிறம். மலக்குழி மூடியைத் திறந்தால் அடிக்குமே, அந்த நாற்றம். குழாய் வாயில் அம்மா பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்திருப்பாள். தண்ணீர் நின்றதும் அதை அவிழ்த்தால் உள்ளே கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் சிவப்பாக, நூல் மாதிரி புழுக்கள் நெளியும். அம்மா அதை உதறிவிட்டு, சோப்பு போட்டு அலசி, அடுத்த முறைக்குக் காயப்போடுவாள்.

காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மல்காஜ்கிரியில் பஸ்தி என்கிற எங்கள் ஏழைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு நாலா ஓடுகிறது. சாக்கடைக் கால்வாய் என்று சொன்னால் போதாது. எருமைத் தொழுவம், கோழிக்கடை, அடுக்குமாடிகளின் கக்கூஸ் எல்லாம் அதில்தான் வந்து விழுகின்றன. எங்கள் குடிநீர்க் குழாய் அந்த நாலாவுக்குள்ளேயே முங்கி இந்தப் பக்கம் ஏறுகிறது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த குழாய். தண்ணீர் விடாத நாளில் அந்த ஓட்டை வழியாக என்ன உள்ளே போகும் என்று விளக்கிச் சொல்லப் படிப்பு தேவையில்லை.

ஆனால் நான் படித்தவன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டு. அவர்கள் விழுப்புரம் பக்கத்தில் கரும்பு வெட்டப் போனபோது கைக்குழந்தையாக இருந்த என்னைப் பார்த்துக்கொள்ள அக்காவை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த படிப்பு முழுவதும் எனக்கே போயிற்று. ஏழாவது வரை தமிழில், இங்கே வந்த பின் தெலுங்கில், அப்புறம் இங்கிலீஷில். அப்பா ரயில் பெட்டி கழுவும் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். நான் டிகிரி முடித்து, அமீர்பேட்டில் அரசுத் தேர்வுக்கான கோச்சிங் போய்க்கொண்டிருந்தேன். உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகள் என்று ஒரு பாடம். மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் நோட்ஸில் அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது குடிநீர்.

அக்காவை இதே ஊரில் போவன்பள்ளியில் கொடுத்திருந்தோம். மாமாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. அக்கா முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். அம்மா அந்த மூன்று மாதத்துக்காகக் கல்யாணத்தன்றைக்கே காத்திருக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கொருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது அவர்கள் காதுக்கும் போயிருந்தது. அக்காவின் மாமியார் நேராகவே சொல்லிவிட்டார்: "அந்தத் தண்ணியிலதான் பச்சக் கொழந்தைய குளிப்பாட்டுவீங்களா சம்மந்தி? பைப்ப மாத்துங்க, அனுப்பறோம்."

அந்த நேரத்தில்தான் கார்ப்பரேட்டர் தேர்தல், விழுப்புரத்தில் கவுன்சிலர் என்பார்களே அது, வந்தது.

ஒரு வேட்பாளர் தன் ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பப்பட்டவர் எங்கள் தெருவிலேயே பிறந்த தமிழர். ரயில்வே ஃபிட்டரின் மகன். வீடு, மனை புரோக்கர். அவர் பேசுவது தமிழ்தான், ஆனால் இந்த ஊர் உருதுவும் அதற்குள் புரண்டுகொண்டிருக்கும். வார்டு முன்னேற்றத்துக்கு ஐந்து முக்கிய வேலைகள் என்று நோட்டீஸ் அடிக்கப் போகிறார்களாம். மூன்று மொழியில் எழுதப் படித்த பையன் வேண்டும்.

"நம்ம தெருவுல மூணு பாஷையும் எழுதறவன் நீ ஒருத்தன்தான் தம்பி. ஜனங்ககிட்ட கேட்டு எழுது. அண்ணா ஜனங்க சொல்றதைத்தான் போடுவாரு."

நான் நம்பினேன். இதை எழுதும்போது கன்னம் சுடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் முதல் பதில் தண்ணீர். தெருவிளக்கு, வழியும் மலக்குழி, நாய்த்தொல்லை எல்லாம் அப்புறம்தான். மூன்று மொழியிலும் அழகாக எழுதி, முதல் எண்ணில் 'நாலாவுக்குள் போகும் குடிநீர்க் குழாயை அகற்றி மேலே புதிய குழாய்' என்று போட்டு, வேட்பாளரின் தேர்தல் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புரோக்கர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "காய்கூ தம்பி, எதுக்கு பைப்பை முதல்ல போட்டிருக்கே?"

"எல்லாரும் ஏன் அதையே சொன்னாங்கன்னு கேளுங்க அண்ணே. தண்ணிய மோந்து பாருங்க."

"நான் அந்தத் தண்ணியில வளந்தவன்தான். இப்ப நம்ம வீட்டுல ஃபில்டர் போட்டுட்டேன், அது வேற. சொல்றதைக் கேளு. பைப் மண்ணுக்கு அடியில கெடக்கு. ஓட்டு போடறவன் மண்ணுக்கு அடியில குனிஞ்சு பாப்பானா? முதல் நம்பர்ல கண்ணுக்குத் தெரியறது வேணும். தெரு முனையில ஒரு வளைவு, பேரு போட்டு, லைட்டு போட்டு."

"வளைவு வேணும்னு ஒரு வீட்டுலகூடச் சொல்லலயே."

"சொல்ல மாட்டாங்க. கட்டினா போட்டோ எடுத்துக்குவாங்க."

வேட்பாளர் பக்கத்து அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு கேட்டிருக்க வேண்டும். சட்னி விரலோடு வாசலுக்கு வந்து தெலுங்கில் சொன்னார்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் நடந்து வருகிறேன். என் கண்ணால் பார்த்துவிட்டால் அதுதான் நம்பர் ஒன். நோட்டீஸ் திங்கள்கிழமைதான் அச்சுக்குப் போகும்."

எனக்கு அது போதும் என்று தோன்றியது. சனிக்கிழமை குழாய் இருமியவுடன் வந்த முதல் தண்ணீரை ஒரு கூல்டிரிங்க் பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்கி, சமையலறை அலமாரியில் சிலிண்டருக்கு மேலே வைத்தேன். அன்று மாலைக்குள் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்பாகப் படிந்துவிட்டது. அதை அவர் மூக்குக்கு நேராகத் திறப்பதுதான் என் திட்டம். அன்றே மறுபடியும் வீடு வீடாகப் போனேன். "நாளைக்கு ஒருத்தரும் சாக்கடையத் தொடாதீங்க. இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும். அவர் பாக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். "சரிதான் தம்பி, நீ சொன்னா சரி," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தெரு மின்னியது. பெண்கள் இருட்டோடு எழுந்து சாக்கடையைத் தள்ளி, மலக்குழி ஓரம் மண் கொட்டி, இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்திருந்தார்கள். வாசலுக்கு வாசல் கோலம். வழியும் மலக்குழியின் மூடிமேலேயே ஒரு தாமரை. பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்து, தன் கோலத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்னாக்கா சொன்னேன்?"

"நீ சொன்னதான். அதுக்காக நாலு பேர் வர்ற நேரத்துல நாத்தத்த வச்சிகினு நிக்க முடியுமா? நாளைக்கு நம்பளதான பேசுவாங்க, நாத்தம் புடிச்சவங்கன்னு."

வருஷக்கணக்காக மலம் கலந்த தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதற்கு இல்லாத வெட்கம், அதை ஒருவர் பார்த்துவிடுவார் என்பதில் வந்துவிட்டது. பாட்டிலாவது இருக்கிறதே என்று வீட்டுக்குள் ஓடினேன். அலமாரியில் பாட்டில் இருந்தது. ஆனால் அதற்குள் கண்ணாடி போலத் தெளிந்த கேன் தண்ணீர். வாயில் இரண்டு துளசி இலை.

"அம்மா, இதுல இருந்தது எங்க?"

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஊத்திட்டேன்."

"எதுக்கு ஊத்துன?"

"அந்தாளு பின்னால நாலு பேரு போனைத் தூக்கிகினு வருவானுங்க. நம்ம ஊட்டுல நின்னு அத்தத் தொறந்து மோந்து காட்டுவ நீ. போவன்பள்ளி வரைக்கும் போவும் அது. சம்மந்தி பாத்துட்டு, இன்னும் மூணு வருசத்துக்கு என் பொண்ண இந்த வாசப்படி மிதிக்க வுடுவாளா?"

அதற்குள் மேளச்சத்தம் தெரு முனைக்கு வந்துவிட்டது.

வேட்பாளர் கோலங்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். எங்கள் வாசலில் நின்றார். நான் முன்னால் போய், "சார், நாலா பக்கம் வாங்க, குழாய் எங்கே போகுதுன்னு காட்டறேன்," என்றேன் தெலுங்கில். அவர் என் தோளில் கை போட்டு, பிளீச்சிங் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் அம்மா எவர்சில்வர் டம்ளரில் கேன் தண்ணீரை நீட்டினாள். அவர் தன் ஆட்கள் பிடித்திருந்த போனைப் பார்த்துக்கொண்டே முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"குறை சொல்கிறவர்கள் இந்தத் தெருவுக்கு வந்து பாருங்கள்," என்றார் போனை நோக்கி. "இந்தத் தாய்மார்கள் வைத்திருக்கிற சுத்தத்துக்கு நான் செய்யப் போகும் முதல் மரியாதை, தெரு முனையில் ஒரு வரவேற்பு வளைவு."

அப்போது அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். பின்னால் நின்றவர் ஒரு சானிடைசர் குப்பியை நீட்டினார். அவர் இரண்டு கையையும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

திங்கள்கிழமை மாலையே நோட்டீஸ் வந்தது. முதலில் வளைவு. இரண்டாவது கேமரா. மூன்றாவது பூங்காவில் உடற்பயிற்சிக் கருவி. எங்களுக்குப் பூங்காவே இல்லை. நான்காவது பண்டிகைக்கு மேடை. ஐந்தாவதாக 'மற்றும் குடிநீர் உள்ளிட்ட இதர பணிகள்.' தமிழில் தலைப்பும் 'குடிநீர்' என்ற சொல்லும் மட்டும் என் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. மற்றதெல்லாம் அவர்களே எழுதியது. என் வீட்டு வாசலிலும் ஒன்றைச் செருகிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுத் தட்டில் பல்லியைக் கண்டவன் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். "வீடியோ பாத்தேன்டா. எங்க அத்தையே சொல்லிட்டாங்க, தெரு பளிச்சுனு இருக்குது, தண்ணிய அந்தாளே குடிக்கிறாரு, போய் வாம்மான்னு. வெள்ளிக்கிழம வர்றேன். அம்மாவை மீன் கொழம்பு வைக்கச் சொல்லு."

அம்மா அழுதாள். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினாள். குழந்தைக்குத் தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி சரியாக இருக்கிறதா என்று அப்பாவைத் தொங்கிப் பார்க்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீரே வாங்கிவிடலாம் என்றாள். குளிப்பாட்டவும், துணி அலசவும், பாத்திரம் கழுவவும் கேன் வாங்குகிற குடும்பமா நாங்கள்? அவளுக்கும் தெரியும்.

மறுநாள் தண்ணீர் வரும் நாள். குழாய் இருமியதிலிருந்து வேட்டித் துணியை அவிழ்க்கும் வரை போனில் எடுத்தேன். முதலில் புரோக்கருக்கு அனுப்பினேன். அவர் ஒரு கும்பிடும் ஒரு கட்டைவிரலும் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான். பிறகு வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றவள் அக்கா. மாமாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"மாமா, ஞாயித்துக்கிழம பாத்தது கேன் தண்ணி. இதுதான் எங்க தண்ணி. அக்காவ அனுப்பாதீங்க."

மாமாவுக்குப் பின்னால் தக்காளி ஏலம் கேட்டுக்கொண்டிருந்தது. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. "பெத்தவ ஊட்டுல கெடக்க என் பொண்ணுக்குக் குடுத்து வைக்கல," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அக்காவும் என் போனை எடுக்கவில்லை. போவன்பள்ளியில்தான் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அம்மா தினமும் பஸ் ஏறிப் போய், சம்மந்தி வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவாள். விருந்தாளி மாதிரி.

அந்த வேட்பாளர் ஜெயித்துக் கார்ப்பரேட்டர் ஆனார். வளைவுக்குப் பூமி பூஜை தெருவின் எங்கள் பக்கத்து முனையில், வீட்டுக்கு எதிரிலேயே நடந்தது. முந்தின நாள் தூணுக்குக் குழி வெட்டும்போது கடப்பாரை பட்டு அந்தக் குழாய் வெளியே தெரிந்தது. துருவேறி, கையால் உடைக்கலாம் போல. சைக்கிள் டியூப்பைச் சுற்றி, சிமெண்டைப் பூசி மூடினார்கள். மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்க்கக் குனிய வேண்டிய அவசியம்கூட அன்று இல்லை. ஒருவரும் பார்க்கவில்லை.

பூஜையில் ஐயர் தண்ணீர் கேட்டார். கொண்டுவர மறந்திருந்தார்கள். புரோக்கர் எங்கள் வாசலுக்கு வந்தார். "அக்கா, ஒரு சொம்பு தண்ணி. ஜல்தி."

அம்மா உள்ளே வந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து புதுக் கேனின் மூடியை அப்போதுதான் உரித்திருந்தேன். அவள் என்னையும் கேனையும் தாண்டிப் போனாள். கொல்லைப்புறத்தில் அன்று காலையில் பிடித்த முதல் தண்ணீர் ஒரு பக்கெட்டில் இருந்தது. கக்கூஸுக்கு ஊற்ற வைத்திருப்பது. அதில் சொம்பை முக்கி எடுத்து, புடவைத் தலைப்பால் அடியைத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

ஐயர் அதைக் கார்ப்பரேட்டரின் உள்ளங்கையில் ஊற்றி, குழியில் விடச் சொன்னார். அவர் விட்டார். பிறகு கையை முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்ன தண்ணிக்கா இது?" என்றார் புரோக்கர்.

"கொழாத் தண்ணி," என்றாள் அம்மா. "நாங்க குடிக்கறது."

குப்பி வந்தது. கார்ப்பரேட்டர் கையைத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார், காரில் ஏறிக்கொண்டார். போனைப் பிடித்திருந்த ஆட்கள் அதை இறக்கிவிட்டார்கள். அந்த வீடியோ எங்கும் வரவில்லை. வளைவு வந்துவிட்டது. குழாய் இன்னும் நாலாவுக்குள்தான் இருக்கிறது.

அம்மா காலிச் சொம்போடு உள்ளே வந்தாள். அதைச் சாம்பல் போட்டு மூன்று தடவை துலக்கினாள். பிறகு, மாதக்கணக்கில் முதல் தடவையாக, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"கேனை மூடி வைடா. பூச்சி வுழும்."