கொடி பிரித்த இடம்

கால்சட்டை ஜிப் பிய்ந்தவர்கள்தான் முதலில் பட்டன் அக்காவிடம் ஓடி வருவார்கள். பழக்கமெல்லாம் அதற்குப் பிறகு. பேருந்து நிலையப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு தையல் எந்திரம், காத்திருப்பவர்களுக்கு ஒரு முக்காலி. "நின்னுக்கிட்டே இருங்க தம்பி. அசைஞ்சா ஊசிக்கு நான் பொறுப்பில்ல" என்பார், சிரிக்காமல்.

எல்லைக்கு அப்பாலிருந்து கைக்குழந்தையோடு பிழைக்க வந்தவர். குழந்தை இங்கே வளர்ந்து குண்டு எறியும் வீராங்கனை ஆனாள். கடவுச்சீட்டு மட்டும் அந்த நாட்டுடையது.

அந்த நாடு தன் இன்னொரு பக்கத்து நாட்டின்மேல் படையெடுத்ததும் முக்காலி காலியானது. தைக்கக் கொடுத்தவர்கள் பாதியிலேயே துணியை வாங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று கேட்டார்: "ஊர் மேல குண்டு போடுறவங்களுக்கு இங்க குண்டு எறிய இடம் வேற கேக்குதா?"

"எம்பொண்ணு எறியறது புல்லுல விழுதுங்க."

மறுநாள் எந்திரத்தின் பெல்ட் அறுந்து கிடந்தது.

விளையாட்டுச் சங்கம் அந்த நாட்டு வீரர்களுக்குத் தடையா இல்லையா என்று இழுத்தடித்து, கடைசியில் கொடியும் நாட்டின் பெயரும் வேறெந்த அடையாளமும் இல்லாமல் வரலாம் என்றது. மகள் நெஞ்சில் அந்த நாட்டுக் கொடி தைத்த தன் மேல்சட்டையைக் கொண்டுவந்து அக்கா முன் போட்டாள்.

"காலையில தகுதிச் சுற்றும்மா. இதை விட்டா அவ்வளவுதான்."

அக்கா கொடியை நூல் நூலாகப் பிரித்தார். வெயிலில் வெளுத்த சாம்பல் துணியில் அந்த இடம் மட்டும் வெளுக்காமல், கொடியளவு பட்டையாகக் கண்ணை உறுத்தியது. ஒத்த நிறத்தில் துணி இல்லை. கறுப்பு எதற்கும் பொருந்தும் என்பது தையல்காரர் கணக்கு. ஒரு கறுப்புத் துண்டை வைத்து, தையல் வெளியே தெரியாதபடி மூடினார்.

மைதான வாசலில் அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "நெஞ்சுல கறுப்பு. யாருக்கும்மா துக்கம்?"

"துக்கமில்ல சார், ஒட்டு. அம்மா போட்டது. கழட்டிடறேன்."

"போட்டுக்கிட்டு வந்துட்டீங்களே. படமும் எடுத்தாச்சு."

வேலிக்கு வெளியே நின்ற அக்கா கத்தினார்: "நான்தான் சார் தச்சேன்! அவளை எறிய விடுங்க!"

அதிகாரி மெல்லத் திரும்பினார். "ஓ, நீங்களும் அங்கதானா?"

மகளுக்கு ஆயுள் தடை. படிக்கட்டுக் கீழிடத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது பட்டன் அக்கா நகரத்துக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறார். மகள் அங்கேயே துணி மூட்டை தூக்குகிறாள். இருவரும் வாரந்தோறும் காவல் நிலையம் போய் முகம் காட்டிவிட்டு வருகிறார்கள்.