பின்சீட்டில் வந்த பாரிடோன்

செத்துப்போன ஒரு மனிதர் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஜவ்வாது மலையைக் கடந்து வருகிறார் என்று நான் நம்பினேன். முழுசாக இருபது நிமிடம் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, "அண்ணா, வளைவு வருது, கெட்டியா புடிச்சிக்கோங்க" என்று அவருக்குச் சொல்லவும் செய்தேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், போகப்போக இடம் கிடைக்காது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாதவன். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்து எல்லோரும் குறி கேட்டுக்கொண்டிருந்தபோது, "எங்க மாமனாரு எப்ப ஊருக்குக் கெளம்புவாருன்னு கேட்டுச் சொல்லு தாயே" என்று கேட்டு, சாமி இறங்குவதற்குள் மனைவியிடம் அடி வாங்கியவன். அதனால் நான் சொல்வதில் ராத்திரியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. பகல் பத்து மணி, நம்பினால் நம்புங்கள்.

செங்கத்தில் எனக்கு பேண்டு வாத்தியம் ரிப்பேர் செய்யும் கடை இருக்கிறது. எல்லா வாத்தியத்தையும் தொடுவேன், ஆனால் பைத்தியம் ஒன்றின் மேல்தான். பாரிடோன் என்று சொல்லும் அடிக்குரல் சாக்ஸபோன், எட்டு வயசுப் பையன் உயரம், கழுத்தில் மாட்டினால் முதுகெலும்பு நம்மோடு பேசாது. தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் பேண்டுக்காரர்கள் பரணில் போட்டுவிடுவார்கள், நான் தேடிப்போய் வாங்கி, ஒடுக்கு எடுத்து, தோல் மாற்றி, குரல் வரவைத்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற மற்ற பைத்தியங்களுக்குக் கொடுப்பேன். பழைய வெளிநாட்டு வாத்தியங்களின் உடம்பில் 'லோ பிட்ச்' என்று பொடியாகப் பொறித்திருக்கும். அது இருந்தால்தான் இன்றைய சுருதியோடு சேரும். அந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். "வூட்ல மனுசங்க நிக்க எடமில்ல, இதுங்க வரிசையா நிக்குதுங்க" என்பாள் என் மனைவி வசந்தா.

அமிர்திக்கு மேலே, சரிவில், கொஞ்சம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் ஒரு ஊரிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் ரிப்பேருக்குக் கூப்பிட்டாள். அங்கன்வாடியில் வேலை, முப்பது வயதிருக்கும். அவள் அப்பா ஆரோக்கியசாமி அந்த ஊர்க் கோயில் பேண்டில் பாரிடோன் ஊதியவர், நெஞ்சுச்சளி முற்றி அதற்கு எட்டு மாதம் முன்பு இறந்துபோனார். நான் அவரை உயிரோடு பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனபோது அவருடைய வாத்தியத்தைப் பார்த்தேன். மூலையில் நின்றிருந்தது, 'லோ பிட்ச்' எழுத்தோடு. அதன் புனல் வாயை ஒரு வெள்ளைத் துண்டால் அடைத்துக் கட்டியிருந்தார்கள், பிணத்துக்கு வாய்க்கட்டு கட்டுகிற மாதிரி.

அந்த ஊரில் அது வழக்கமாம். வாத்தியக்காரர் இறந்தால் அவருடைய வாத்தியத்தின் வாயையும் கட்டிவிடுவார்கள். வருஷப் பூசை அன்று கல்லறைக்கு எடுத்துப்போய், ரத்த சொந்தம் ஒருத்தர் முதல் மூச்சு ஊத வேண்டும். அதுவரை அது இறந்தவருடையது, வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது.

"வித்துடறியாம்மா?" என்று கேட்டேன். வெட்கமில்லாதவன் நான்.

"எங்கப்பாவ விக்கச் சொல்றீங்களாண்ணா?"

"எங்கப்பாவா இருந்தா சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான், அதான் கேட்டேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கழுவுங்க, தட்டுங்க, புதுத்தோலு போடுங்க. ஊத மட்டும் கூடாதுண்ணா."

"ஊதிப் பாக்காம ரிப்பேர் ஆச்சின்னு எப்படிம்மா சொல்றது?"

"டெய்லரு எங்க ஜாக்கெட்ட போட்டுப் பாத்தா குடுக்கறாரு?"

அப்புறம் அவள் குரலை இறக்கிச் சொன்னாள். "கடைசி நாலு நாளு அப்பாவுக்கு மூச்சே கெடைக்கலண்ணா. வாயத் தொறந்து தொறந்து பாத்தாரு. நான் பக்கத்துல ஒக்காந்துனு இருந்தேன், ஒண்ணும் பண்ண முடில. அன்னிலர்ந்து ஒரு பழைய கிளாரிநெட்ட வெச்சி மூச்சு பழகறேன். அவுரு ஊதற அந்த அடிச்சுரத்த, கல்லறைல ஒரே ஒரு தடவ எழுப்பிடணும். அவுருக்கு நான் குடுக்கற மூச்சு அது."

சத்தியம் செய்தேன். என் தலையில் நானே கை வைத்து, "நான் வாய் வெக்க மாட்டேன்மா" என்று சொன்னேன்.

வண்டியில் கட்டுவதற்கு முன்னால் வாத்தியத்தை ஒருமுறை பரிசோதித்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். சாக்ஸபோனின் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு மூடி, மூடிக்குள் வட்டமான தோல். அந்தத் தோல்தான் காற்றை அடைக்கும். நடு உடம்பில் இரண்டு மூடிகளின் தோலை எலி தின்றிருந்தது, சுத்தமாகக் காலி. மூடியை நான் அழுத்திப் பிடித்தபோதும் தீக்குச்சி நுழைந்து வெளியே வந்தது. அப்படி ஒரு ஓட்டை இருந்தால் அதற்குக் கீழே இருக்கிற எந்தச் சுரமும் பிறக்காது, கடைசி அடிச்சுரத்துக்கு வாய்ப்பே கிடையாது. நான் முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன்.

பெட்டியைக் கரையான் அரித்துவிட்டதால் வாத்தியத்தைப் பின்சீட்டில் நிமிர்த்தி நிறுத்தி, கயிற்றால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஜமுனாமரத்தூர் வழியாக மலையைத் தாண்டிக் கிளம்பினேன். பனி இறங்கியிருந்தது. மூன்றாவது வளைவில் என் பிடரிக்குப் பின்னால் யாரோ முனகினார்கள்.

'ம்ம்ம்ம்' என்று, நெஞ்சு அடைத்த ஆள் முனகுவது போல. எனக்கு மூச்சு நின்றது, ஸ்கூட்டர் நிற்கவில்லை. வேகமெடுத்தால் முனகல் பெரிதாகிறது, குறைத்தால் அடங்குகிறது. ஆரோக்கியசாமி அண்ணனுக்கு வேகம் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தேன். "ஆரோக்கியண்ணா, நல்லபடியா ரிப்பேர் பண்ணிக் குடுத்துடறேன், உங்க பொண்ணாண்ட விக்கிறியான்னு கேட்டது தமாசுக்குண்ணா" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். இந்து முறைப்படி ரெண்டு சாமியையும், அவருக்காக மாதாவையும் கூப்பிட்டேன். முப்பது வருஷமாக ஓட்டைக்குழாயில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பதை வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

ஒரு வளைவில், வாசலில் உட்கார்ந்து புளியம்பழம் உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டார். மலைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கலாம்.

"இன்னா சாரே, யாராண்ட பேசினு போற? பின்னால ஆளே இல்லியே."

வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் வெள்ளைத் துண்டு அவிழ்ந்து ஒரு முனையில் ஆடிக்கொண்டிருந்தது. திறந்த வாயில் எதிர்காற்று. அவ்வளவுதான். முனகினது காற்று. எனக்கு வந்த நிம்மதியில் அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்திருப்பேன், ஆனால் அவர் காலடியில் அரிவாள்மணை இருந்தது.

"ஆளு இல்லம்மா. இது வாத்தியம், காத்துல சத்தம் போடுது."

"இம்மாம் பெரிய கொழாயா? இது வாத்தியம்னு நாங்க நம்பணுமா? நீ இன்னாவோ காத்து புடிச்சி வந்துகீற" என்று சொல்லி, வீட்டுக்குள் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சிரித்தார். "அப்ப ஊதிக் காட்டு பாப்போம்."

இங்கேதான் நான் கெட்டேன். சத்தியம் ஞாபகம் இருந்தது, மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் மானம் போய்க்கொண்டிருந்தது. மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து, 'எலி தின்ன வாத்தியம், புஸ்ஸென்று காற்றுதான் வரும், சத்தம் வராவிட்டால் அது ஊதியதாகவே ஆகாது' என்று வாதாடினான். சட்டைப் பையில் எப்போதும் என் சொந்த மவுத்பீஸ், அதாவது வாய் வைத்து ஊதும் முனை, இருக்கும். மாட்டினேன். பெரிய வித்வான் போல எல்லா விரலையும் அழுத்தி அடிச்சுரத்துக்கே போனேன்.

வந்தது.

முழுசாக, உருண்டையாக, ஒரு கசிவு இல்லாமல் வந்தது. என் கால் அடியில் தரை அதிர்ந்தது. முறத்தில் இருந்த புளியங்கொட்டைகள் நடுங்கியதைப் பார்த்தேன். நான் வாங்கி விற்ற எந்த பாரிடோனிலும் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. பயந்து வாயை எடுத்தேன்.

அந்த அம்மாவின் சிரிப்பு போயிருந்தது. "எடுத்துனு போ சாரே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் சொல்லாத, எடுத்துனு போ" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துண்டை மறுபடி கட்டி, மூன்று முடிச்சு போட்டேன். செங்கம் வரைக்கும் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. முனகல் வராதா என்று ஏங்கிக்கொண்டே வந்தேன்.

நான்கு மாதம் அந்த வாத்தியத்துக்காக உழைத்தேன். எல்லாத் தோலும் புதிது. கடையை இருட்டாக்கி, குழாய்க்குள் விளக்கை விட்டுப் பார்த்தேன், எந்த மூடியிலும் ஊசிமுனை வெளிச்சம் கசியவில்லை. வாய் மட்டும் வைக்கவில்லை. ரொம்ப யோக்கியன்.

வருஷப் பூசை அன்று வசந்தாவோடு போனேன். ஸ்டெல்லா புதுப் புடவை கட்டியிருந்தாள். கல்லறையில் எல்லோரும் சுற்றி நிற்க, துண்டை அவிழ்த்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஊதினாள். மேல் சுரங்கள் வந்தன, நடு சுரங்கள் தேன் மாதிரி வந்தன. அடிச்சுரத்துக்கு வந்தபோது வெறும் காற்று. மறுபடி. வெறும் காற்று. மூன்றாவது தடவை கழுத்து நரம்பு புடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, புஸ்ஸென்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். பூசை முடிந்த பிறகு அவளே என்னை ஊதிப் பார்க்கச் சொன்னாள். எனக்கும் வரவில்லை. உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தேன், இருட்டுதான், கசிவே இல்லை.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "உங்க வேலைல கொறையில்லண்ணா, எம்மூச்சுதான் பத்தல" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறாள். மூச்சு கூட வேண்டும் என்று காலையில் அங்கன்வாடிக்குப் போகும் முன் சரிவில் ஏறி ஏறி இறங்குகிறாளாம். "கொஞ்சம் கூடிகீதுண்ணா, ஆனா அது மட்டும் இன்னும் வரல" என்கிறாள். "வரும்மா, வுடாத" என்கிறேன், ஏதாவது ஜோக் சொல்கிறேன், அவள் சிரிக்கிறாள். போனை வைத்ததும் வசந்தா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்குப் பாதிதான் தெரியும்.

ஆரோக்கியசாமி அண்ணன் பின்சீட்டில் வந்தார் என்பதெல்லாம் என் கோமாளித்தனம், அது காற்று. நடந்தது இதுதான். இரண்டு மூடிகளில் தோல் இல்லை. நான் ஊதினேன், சத்தம் வந்தது. நான் வாயை எடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் அதற்குப் பிறகும், ஒரு மனிதன் நிதானமாக ஒரு மூச்சை முழுசாக விட்டு முடிக்கிற நேரம், நிற்கவில்லை.