மூடி போடுகிறவர்

கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் சண்முகவேல் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டுவிடுவார். "ஏனுங்க, உங்க காட்டுல தண்ணி வராத போரு ஏதாச்சும் தொறந்து கெடக்குதுங்களா?" ஊர், உறவு விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆமாம் என்று பதில் வந்தால், மறுநாள் காலை மொபெட்டின் பின்னால் இரும்பு மூடியைக் கட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்தில் போய் நிற்பார்.

திருச்செங்கோட்டுக்காரர். வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் ரிக் லாரியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். சந்தையானாலும் திருவிழாவானாலும் பார்வை தரையில்தான் இருக்கும். "எதைத் தொலைச்சீங்கன்னு ஊரே கேக்குதுங்க" என்பார் மனைவி பாப்பாயி.

ராஜஸ்தானில் ஓர் இடத்தில் அறுநூறு அடி இறங்கியும் தண்ணீர் இல்லை. இரும்புக் குழாயாவது மிஞ்சட்டும் என்று தோட்டக்காரர் சொல்ல, அதை உருவிக் கொடுத்துவிட்டு, குழிவாயில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான்கு மாதம் கழித்து அதே வழியாகப் போனபோது, அந்த இடத்தில் ஒரு சின்னப் பெண்ணின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லாமலே கடந்து போனார். அந்த வருடமே வேலையை விட்டு ஊர் திரும்பினார்.

அதிலிருந்து அறுபத்தொரு குழிகளைக் கைக்காசில் மூடியிருக்கிறார். ஊர் ஊராகச் சுற்றிக் கணக்கெடுத்ததில் இன்னும் முந்நூற்றுப் பதினான்கு இருந்தன. தன் ஒருவனால் ஆகாது என்று தெரிந்ததும் சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளைக்கு மனுப் போட்டார். தனி ஆளுக்கு நிதி தருவதில்லை என்று பதில் வந்தது. ஏழு பேரைச் சேர்த்துச் சங்கம் பதிவு செய்தார். அதற்கே ஒரு வருடம் ஓடியது. இரண்டாவது மனுவும் திரும்பி வந்தது. 'பயனாளிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பவில்லையாம்.

"ஐந்நூறுன்னு போட்டுரலாமுங்கண்ணா, யாரு எண்ணப் போறாங்க" என்றார் மனுவைத் தட்டச்சு செய்து தரும் கம்ப்யூட்டர் சென்டர் மோகனப்பிரியா.

"பொய் வேண்டாமுங்க. நாஞ் சொல்றத அப்படியே அடிங்க."

மூன்றாவது மனுவில் அந்தக் கட்டத்தில் இருந்தது இதுதான்: 'குழியில் விழாமல் போன குழந்தை யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் எண்ணிக்கை தர முடியவில்லை. குழிகளின் எண்ணிக்கையைத் தருகிறேன்.' கீழே முந்நூற்றுப் பதினான்கு இடங்களும் சர்வே எண்ணோடும் போட்டோவோடும் இணைக்கப்பட்டிருந்தன.

இந்தத் தடவை கடிதத்துக்குப் பதிலாக ஆளே வந்தது. அறக்கட்டளையிலிருந்து யாழினி என்ற இளம் அதிகாரி. அவரை எலச்சிபாளையம் பக்கம் ஒரு சோளக்காட்டுக்கு அழைத்துப் போன சண்முகவேல், திறந்து கிடந்த ஒரு குழியின் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"போட்டுப் பாருங்க சாமி."

யாழினி போட்டார். கல் சுவரில் மோதி மோதிக் கீழே போகும் சத்தம் நின்றபாடில்லை. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"பக்கத்துல வீடு எவ்வளவு தூரம் சார்?"

"அந்தா, துணி காயுது பாருங்க. அந்த ஊடுதானுங்க."

நடந்தால் ஐம்பது தப்படி இருக்கும். கொடியில் சின்னச் சின்னக் கவுன்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நூற்றைம்பது குழிகளுக்கு மட்டும் நிதி. மோகனப்பிரியா படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பாதிகூட இல்லீங்களேண்ணா."

"மிச்சத்துக்கு அடுத்த மனு எப்பப் போடலாமுன்னு தேதியப் பாத்து வைங்க" என்ற சண்முகவேல், மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். குழிகளின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, அங்கன்வாடிகளுக்குப் பக்கத்தில் இருந்தவற்றை முதலில் வட்டமிடத் தொடங்கினார்.