கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் மனைவி ஏறப்போன மலை பாதி நேபாளத்திலும் பாதி திபெத்திலும் இருந்தது. ஏழாயிரம் மீட்டருக்கு மேல் உயரம். உச்சிக்குப் போகும் பனிமுகடுதான் இரண்டு நாட்டுக்கும் எல்லை. இடப்பக்கம் ஒரு பனியாறு நேபாளத்துக்குள் இறங்குகிறது. வலப்பக்கம் திபெத். அந்தப் பக்கம் இறங்க அவளுக்கு அனுமதி கிடையாது.

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு வருடமாக, முதுகுப்பையில் பதினைந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு, பெங்களூர் பிரேசர் டவுனில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் ஐந்து மாடியையும் தினமும் காலையில் ஏறி இறங்கினாள். முதல் வாரம் வாட்ச்மேன் "லிஃப்ட் ரிப்பேரா மேடம்?" என்று விசாரித்தார். எதற்காகப் போகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் போகாதே என்று சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று பயம்.

அவளுடைய பையில் ஒரு சின்ன சாட்டிலைட் கருவி இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அனுப்பும். என் லேப்டாப்பில் ஒரு வெள்ளை வரைபடம். குறுக்கே மெல்லிய சாம்பல் நிறக் கோடு, அதுதான் எல்லை. கோட்டை ஒட்டி ஒரு நீலப் புள்ளி. மூன்று வாரமாக அந்தப் புள்ளியோடுதான் குடித்தனம் நடத்தினேன். ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டே அதைப் பார்ப்பேன். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து பார்ப்பேன்.

எனக்குத் துணையாக மாமியார் வந்து தங்கியிருந்தார். மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில். கண்டிப்போடு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

உச்சிக்குப் போகும் நாளன்று காலை ஆறு மணிக்கு நான் எழுந்தபோது புள்ளி ஏற்கெனவே முகட்டில் இருந்தது. எட்டு மணி வரைக்கும் மெதுவாக மேலே நகர்ந்தது. அடுத்த முறை பார்த்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்தில் உயரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் நானூறு மீட்டர் குறைந்திருந்தது.

நானூறு மீட்டரைப் பத்து நிமிடத்தில் யாரும் நடந்து இறங்க முடியாது.

மாமியார் காபியோடு பின்னால் வந்து நின்றார். அவருக்குக் கோடு மட்டும்தான் கண்ணில் பட்டது. "சைனா பக்கம் போயிட்டாளா? அவகிட்ட விசா இல்லையே," என்றார். இல்லை அத்தை, மேப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

காத்மாண்டுவில் இருந்த பயண ஏஜென்சிக்கு போன் செய்தேன். மேலே காற்று பலமாக இருக்கிறது, ரேடியோவில் யாரும் கிடைக்கவில்லை, காத்திருங்கள் என்று ஒருவர் இந்தியில் சொன்னார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். வீட்டில் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஜீவனஹள்ளி வரைக்கும் நடந்தேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினேன். போனில் புள்ளி அசையாமல் அதே இடத்தில் இருந்தது. மழை தூறியது. மறுபடி கிளம்பப் போனபோது மாமியார் வாசலை மறித்தார். "சும்னே கூத்கொள்ளி," என்றார். சும்மா உட்காருங்கள் என்று. உட்கார்ந்தேன். அப்போதுதான் உயரம் குறைந்ததைச் சொன்னேன். அவர் என் எதிரே உட்கார்ந்துகொண்டார். அவர் விரல்கள் நைட்டியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தன.

இரண்டரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான். குரல் கரகரவென்று இருந்தது.

"கேம்புக்கு இறங்கிட்டேன். நல்லா இருக்கேன். மேல போகல."

பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் கட்டியிருந்த முள்பட்டையை இறுக்கக் குனிந்தபோது, பையிலிருந்த கருவி கழன்று அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. "அது விழறதைப் பாத்துட்டே நின்னேன். ரொம்ப நேரம் போயிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் கால் வரல," என்றாள். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரமே பாக்கி இருந்ததாம்.

"நல்லதாப் போச்சு," என்றேன்.

அம்மாகிட்ட குடு என்றாள்.

பேட்டரி தீரும்வரை, இன்னும் இரண்டு நாள், புள்ளி திபெத்திலேயே இருந்தது. அவள் நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மூக்குத் தோல் உரிந்து, எடை குறைந்து வந்தாள். நான்கு நாள் சாப்பாடு, வேலை என்று மட்டும் பேசினோம். ஐந்தாம் நாள் மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நல்லதாப் போச்சுன்னு எதுக்குச் சொன்ன? நான் உயிரோட வந்ததுக்கா, மேல போகாததுக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். ரெண்டுக்கும்தான் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வரும் பருவத்துக்கு மறுபடி பதிவு செய்திருக்கிறாள். அதே மலை. போன வாரம் படிவத்தை நிரப்பும்போது எட்டிப் பார்த்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதிலாக அவள் அம்மாவின் பெயர் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அம்மாவால சும்மா உக்கார முடியும்," என்றாள்.

பேஸ் கேம்ப் வரை நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.