டீலியா நாற்காலி போட்ட இடம்

என் தங்கை டீலியா ஜெயித்தவற்றில் எனக்கு நன்றாக நினைவிருப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயில் குலுக்கலில் கிறிஸ்துமஸ் பன்றித்தொடை, தொடர்ந்து மூன்று வருடம்; மூன்றாம் வருடம் பங்குச்சாமியார் சீட்டுப் பீப்பாயைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சோடா ரொட்டிப் போட்டி. உலர்திராட்சை போட்டால் அது ரொட்டியே இல்லை என்று சாதிக்கும் அயர்லாந்துக் கெர்ரிக்காரப் பெண்கள்தான் நடுவர்கள், இவள் போட்டது உலர்திராட்சை ரொட்டி. கவுன்சிலருக்குக் காவலாக வந்த ஒரு தடியனோடு மதுக்கடை மேஜையில் கை மடக்கும் போட்டி. அவளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் என்று நாள் குறித்த டாக்டர். அந்த டாக்டரின் சாவுவீட்டுக்கு இவள் சாண்ட்விச் செய்து எடுத்துப் போனாள். கடைசியாக, எங்கள் தெருவில் ஒரு கார் நிற்கும் இடம். மற்றவற்றை அவளே பாஸ்டன் முழுக்கச் சொல்லிவிட்டதால் நான் இந்தக் கடைசியை மட்டும் எழுதுகிறேன்.

டார்செஸ்டரில் எங்களுடையது மூன்றடுக்கு மரவீடு. இரண்டாம் அடுக்கில் டீலியாவும் அவள் கணவர் மைக்கும், மூன்றாம் அடுக்கில் நான். நான் டிராம் ஓட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்றாலும் என் வண்டி ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

டீலியா இடதுகைக்காரி. ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி அவள் இடது கையை நாற்காலியோடு சேர்த்து நாடாவால் கட்டிவிட்டு, வலது கையில் பென்சிலைக் கொடுத்தார். இடது கையால் எழுதிய பெயர் எங்கேயும் செல்லாது என்றார். "அப்போ என் பேரை நான் யாருக்கும் எழுதித் தரமாட்டேன் சிஸ்டர்" என்றாள் இவள். சொன்னபடியே நடந்துகொண்டாள். கடைச் சாமான் சீட்டை இடது கையால் எழுதுவாள், கையெழுத்து மட்டும் கிடையாது. கல்யாணத்தன்று நன்றாயிருந்த வலது கையில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு வந்தாள். சாமியார் பரிதாபப்பட்டு, சிலுவைக்குறி போட்டால் போதும் என்றார். சாட்சியாக நின்ற நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் பிறகு எல்லாக் காகிதங்களிலும் மைக்தான் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டார். கார் பழக அவளுக்கு எடுத்த அனுமதிச் சீட்டில்கூட.

அந்தச் சீட்டு வந்த இலையுதிர்காலத்திலேயே மைக் இறந்துபோனார். அவருடைய நீண்ட பச்சை ஓல்ட்ஸ்மொபைல் கார் வாசலில் நின்றது. ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் அவளை அதில்தான் குவின்ஸிக்கு, மகள் நோரீன் வீட்டுக்கு அழைத்துப் போவார். அங்கே இரண்டு பேத்திகள்; பாட்டியை "நானா" என்றுதான் கூப்பிடுவார்கள். "நானா வந்தாச்சு" என்று ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தால் உண்டு. நோரீனிடம் கார் இல்லை. எனக்கோ தண்டவாளம் இல்லாமல் ஓட்டத் தெரியாது. அந்தக் கார் போனால் டீலியாவின் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

அந்தப் பிப்ரவரியில்தான் பெரும்பனி கொட்டியது. தெருவில் கார்கள் எல்லாம் வெறும் மேடுகளாகக் கிடந்தன. எங்கள் தெருவில் பனியை வாரி இடம் எடுத்தவனுக்குத்தான் அந்த இடம். கார் வெளியே போகும்போது ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால், பனி உருகும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். மைக்கின் காரைச் சுற்றி டீலியா தானே வாரினாள். உதவப் போன என்னை, "அண்ணே, உன் முதுகு போச்சுன்னா அதையும் நான்தான் தேய்ச்சுவிடணும், மேல போ" என்று விரட்டினாள்.

எதிர்வீட்டுக் கோல்மன் மல்ஹெர்னுக்கு அந்த இடத்தின்மேல் கண். அவனிடம் இரண்டு கார், இடமோ ஒன்று.

"ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு டீலியா இடம்? காரை எனக்குக் குடுத்துடு. நல்லா வச்சுக்கறேன்."

"உன் பொண்டாட்டியை நல்லா வச்சுக்கிட்ட மாதிரியா கோல்மன்?"

தெருவே சிரித்தது. ஆனால் அவன் விடவில்லை. வெளியே போகாத காருக்கு நாற்காலி நியாயம் பொருந்தாது என்றான். யோசித்துப் பார்த்தால் அது சரிதான், அக்கம்பக்கத்தாரும் தலையாட்டினார்கள். பனி உருகுவதற்குள் அவள் சொந்த லைசென்ஸோடு காரை வெளியே எடுத்து, திரும்ப அதே இடத்தில் நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் இடமும் காரும் கோல்மனுக்கு என்று முடிவானது. பேச்சு உறுதி என்பதற்கு, ஊர் வழக்கப்படி டீலியா தன் உள்ளங்கையில் துப்பி அவன் கையைக் குலுக்கினாள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்கிறீர்கள்? கோல்மனின் மனைவி பிலோமினா.

"எங்க வீட்டு மனுஷன் ஜெயிச்சா கோடை வரைக்கும் அதையே பேசுவாரு. என் காதுக்காக நான் வர்றேன்."

இருவரும் தினமும் கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். போகும்போதெல்லாம் டீலியா சமையலறையில் மைக் உட்காரும் நாற்காலியை எடுத்து வந்து அந்த இடத்தில் போடுவாள். முதல் வாரம் ஒரு தபால்பெட்டி சாய்ந்தது. இரண்டாம் வாரம் அவர்களைப் பார்த்ததும் நாய்கள் தாமாகவே ஒதுங்கின. மூன்றாம் வாரம் பிலோமினா ஜெபமாலையைக் கையிலிருந்து கைப்பைக்கு மாற்றினாள்.

ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. லைசென்ஸில் அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், மைக் இல்லை. லைசென்ஸ் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் கேட்டேன்.

"டீலியா, நாளைக்கும் கையில கட்டுப் போட்டுக்கிட்டா போவே?"

"கட்டுப் போட்ட கையோட கார் ஓட்ட விடுவானா? நீ டிராம்காரன்தானே, இதுகூடத் தெரியாதா?"

"அப்போ என்ன பண்ணப்போறே?"

"டீ ஆறுது. குடி."

மறுநாள் காலை அவளும் பிலோமினாவும் போனார்கள். பகல் உணவு நேரத்தில் நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது ஒரு சின்ன நீலக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கியவர், மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் சாமியார். மைக்கின் நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டு, காரை அந்த இடத்தில் நிறுத்தினார்; படுக்கையில் கிடந்த கிழவிக்கு நற்கருணை அப்பம் கொடுக்க அடுத்த வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் தெருவே வாசலுக்கு வந்திருந்தது. வேறு யாராவது என்றால் டயரில் காற்று இருந்திருக்காது. சாமியாரை என்ன செய்வது? கோல்மன் படியில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தான். "அதே இடத்துலன்னுதான் பேச்சு. சாமியே வந்து பாத்துக்கிட்டாரு" என்றான்.

பச்சைக் கார் வந்தது. டீலியா நடுத்தெருவிலேயே நிறுத்தி இறங்கினாள். நேரே அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். சாமியார் வெளியே வந்தார்.

"ஃபாதர், நாற்காலியை நகர்த்தினது நீங்களா?"

"ஆமாம்மா. யாரோ வேண்டாம்னு போட்டதுன்னு நினைச்சேன்."

"செத்துப்போன என் வீட்டுக்காரர் நாற்காலி அது. கோயில்ல பலிபீடம் உங்களோடது, நான் தொடமாட்டேன். இங்க இந்த நாற்காலி."

சாமியார் தெருவைப் பார்த்தார். எல்லோரும் நாற்காலியையே பார்த்தார்கள். காதுவரை சிவந்து போய் காரை எடுத்தார், எடுத்த வேகத்தில் பனிமேட்டில் மாட்டிக்கொண்டார். கோல்மன் உட்பட எல்லோரும் சேர்ந்து தள்ளிவிட்டோம். அதற்குள் டீலியா பின்பக்கமாக, ஒரே மூச்சில், சக்கரம் ஓரக்கல்லை உரசாமல் காரை அந்த இடத்தில் சொருகிவிட்டாள்.

"காகிதம்?" என்றான் கோல்மன்.

கைப்பையைத் திறந்து கொடுத்தாள். அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த வேலிபோல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது யாரு போட்டது?"

"அவதான்" என்றாள் பிலோமினா. "இடது கையால. அதிகாரி பாக்கக்கூட இல்லை, அடுத்த ஆளுன்னு கூப்பிட்டுட்டாரு."

கோல்மன் பைப்பை வாயிலிருந்து எடுத்து, காகிதத்தை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, செல்லுமா?" என்று டீலியா கேட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"செல்லும்டீ" என்றேன்.

அந்த ஞாயிறும், அதன் பிறகு அவளால் முடிந்த எல்லா ஞாயிறும் குவின்ஸி ஜன்னலில் மூக்குகள் அழுந்தின. போன கோடையில் அவள் சாவுவீட்டில் அந்தப் பேத்திகள் இருவரும் மைக்கின் நாற்காலியைத் தெருவில் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் அங்கே காரை நிறுத்தவில்லை. அந்த முதல் லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் பெயர் முழுதாக இருக்கிறது: டீலியா கில்ஹூலி ஷானஹன், 1978 மார்ச் 9, வியாழக்கிழமை.